வெள்ளைக்கல்லும் கடல்தண்ணீரும்

பூங்காவனம் ஜாவெல் ஊற்றிவிட்டாளாம்.

பதினொன்றரை மணிக்கு ஊழியர்கள் தட்டோடு வரிசையில் நிற்கும் சாப்பாட்டுக்கூடத்தில், வரிசைக்கு நேர் எதிரே இருந்த அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் குத்தப்பட்டிருந்தது. பிரெஞ்சில் தட்டச்சு செய்திருந்தார்கள். ஓட்டல் முன்கூடத்தில் புதிதாக வைத்த பவளத் தொட்டியில் மீன்களும் பவளங்களும் செத்துப்போனதற்கு, வடிகட்டியில் போடும் கற்களை ஜாவெல் என்கிற வெளுப்புத் திரவத்தில் கழுவிய ஊழியரின் கவனக்குறைவே காரணம் என்றது அது. ஊழியர் என்று மட்டும் சொல்லி விட்டிருந்தாலாவது போகட்டும். பெயரையும் போட்டிருந்தார்கள்: பூங்காவனம், தோட்டக்குளப் பிரிவு. கீழே கையெழுத்து வெங்கடசுப்பிரமணியன், தொழில்நுட்பப் பொறுப்பாளர்.

நூற்றிருபது பேர் வேலை செய்யும் ஓட்டல் அது. நூற்றிருபது பேரும் அதைப் படித்துவிட்டுத்தான் சோறு வாங்கினார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் படித்துச் சொன்னார்கள். பூங்காவனம் தன் முறை வரும்வரை நின்றாள், மூன்று தடவை படித்தாள், தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். பசி எங்கே இருந்தது?

அவள் ஜாவெல் ஊற்றவில்லை. அந்தக் கல்லைத் தொட்டிக்குள் போட்டதே அவள் இல்லை. போடாதீர்கள் என்று சொன்னவள் அவள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், குளம் கழுவுகிற ஒருத்திக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நீங்களும் கேட்பீர்கள். அவர்கள் அப்படித்தான் கேட்டார்கள்.

குட்லண்ட்ஸ்காரி. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டினவர்கள். எழுபதுகளில் மொரீஷியஸ் முழுக்க ஊருக்கு ஊர் ஆடை ஆலைகள் முளைத்தபோது, பதினெட்டு வயதில் ஒரு ஸ்வெட்டர் ஆலையில் சேர்ந்தாள். தையல் வராது. மாதிரித் துணியில் அவள் போட்ட கோணல் தையலைப் பார்த்த மேற்பார்வையாளர், பின்கட்டில் இருந்த சாயச்சாலைக்கு அவளை விரட்டிவிட்டார். அங்கே நூலில் சாயம் சீராகப் பிடிக்க மென்மையான தண்ணீர் வேண்டும். ஆழ்கிணற்றிலிருந்து வந்ததோ சுண்ணாம்பு கலந்த கடுந்தண்ணீர். அதனால் தண்ணீரை ஒரு நெடும் உருளைக்குள் விடுவார்கள். உருளை நிறைய, கடுகளவில் மஞ்சள் முத்துகள் இருக்கும். அவை சுண்ணாம்பைப் பிடித்துவைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விடும். பிடித்துப் பிடித்து முத்துகள் நிரம்பிவிட்டால் அதற்குமேல் ஒன்றும் பிடிக்காது. அப்போது கல்லுப்பைக் கரைத்து உள்ளே விட வேண்டும். உப்புத்தண்ணீர் பட்டதும் முத்துகள் பிடித்ததையெல்லாம் விட்டுவிடும். அதைச் சாக்கடையில் திறந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

ஒன்பது வருஷம் அந்த வேலையைச் செய்தாள். உப்பு வந்தால் பிடித்தது போய்விடும் என்று தெரிந்துகொள்ளப் பட்டம் எதற்கு? ஒன்பது வருஷம் கால் ஊறினால் போதாதா?

ஆலை வேறு ஊருக்குப் பெயர்ந்துபோன சமயத்தில் கடற்கரையெங்கும் ஓட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்தன. பூங்காவனம் ஒன்றில் சலவைக்குச் சேர்ந்து, பிறகு தோட்டக்குளத்துக்கு மாறினாள். விருந்தாளிகள் ரொட்டி பிய்த்துப் போட்டு வளர்க்கும் சிவப்பும் வெள்ளையுமான கெண்டை மீன்கள் அந்தக் குளத்தில் இருந்தன. அந்த மீன்களின் கழிவில் அமோனியா என்ற விஷம் உண்டாகும். அதைப் பிடிக்க, குளத்து வடிகட்டியில் நான்கு பைகள் நிறைய வெள்ளைக்கல் போட்டிருந்தார்கள். மாதம் ஒருமுறை பைகளை உப்புத்தண்ணீரில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, திரும்ப வைக்க வேண்டும். முதல் மாதமே அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆலையில் முத்து, இங்கே கல். அங்கே சுண்ணாம்பு, இங்கே விஷம். மற்றபடி அதே வேலைதான். ஊறவைத்த தொட்டியைத் திறந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடியும்.

வெங்கடசுப்பிரமணியன் மூன்று வருஷத்துக்கு முன் மதராஸிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். போ பசான் என்ற ஊரிலிருந்து காரில் வருவார். தமிழ்நாட்டு ஆள் வந்திருக்கிறார் என்று கேட்டதும் பூங்காவனத்துக்கு உள்ளம் குளிர்ந்துபோனது உண்மை. ஓட்டலிலும் வீட்டிலும் அவள் பேசுவது தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். தமிழ் என்றால் கோயில் வகுப்பில் கற்ற எழுத்தும், தைப்பூசத்துக் காவடிப் பாட்டும், அக்கா அண்ணன் முறைச் சொற்களும். இருந்தும் முதல் நாளே கைகூப்பி, "வணக்கம் ஐயா, தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்றாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "என்னம்மா இது, கல்வெட்டுலேர்ந்து எழுந்து வந்த மாதிரி பேசுறே! உங்க தமிழெல்லாம் சாமி பாட்டோட நின்னுபோச்சு போல."

பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவரிடம் அவள் ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை. கிரியோலில் 'முசியே', அதாவது ஐயா, என்று ஆரம்பித்து, கிரியோலிலேயே முடித்துக்கொள்வாள். அவரும் இந்த மூன்று வருஷத்தில் கிரியோலைப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கற்றிருந்தார்.

1990இல் ஓட்டல் இயக்குநர் ஜான்-போலுக்கு ஓர் ஆசை வந்தது. முன்கூடத்தில், வருகிறவர்கள் சாவி வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில், சுவரளவுக்கு ஒரு பவளத் தொட்டி வேண்டும். கண்ணாடித் தொட்டி வந்தது. மீனவர் க்ளெமான் ஓட்டலுக்கு முன்னாலிருந்த கடலிலிருந்து பாசியும் புழுவும் ஒட்டிய பாறைத்துண்டுகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். வடிகட்டிக்கான கரியும், பாசி பெருகாமல் பார்த்துக்கொள்ளும் ஒருவகை மருந்துக் குருணையும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தன. அந்தப் பெட்டி துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. தொட்டியோடு வந்த புத்தகம் தெளிவாகச் சொல்லியிருந்தது: பாறையை வைத்தபின் ஆறு வாரம் மீன் விடாதே. பாறையில் செத்ததெல்லாம் அழுகி, அந்த அழுகலைத் தின்னும் நல்ல கிருமிகள் தானாகப் பெருகட்டும். கரி போட்டுத் தண்ணீரின் நிறத்தையும் நாற்றத்தையும் எடு, அது போதும். அவசரப்படாதே.

அவசரப்படாமல் இருக்க முடியுமா? பாரிஸிலிருந்து பயண முகவர்கள் கூட்டமாக வருகிறார்கள். பாறை வைத்த பத்தாம் நாளே தொட்டி நிறைய மீன் வேண்டும் என்றார் ஜான்-போல். முடியாது என்று சொல்ல வேண்டியவர் வெங்கடசுப்பிரமணியன். அவர் முடியும் என்றார்.

பத்தாம் நாள் காலை குளத்து மோட்டார் அறையிலிருந்து அவர் இரண்டு பை வெள்ளைக்கல்லைத் தூக்கி வருவதைப் பூங்காவனம் பார்த்தாள்.

"முசியே, அதை எங்க கொண்டுபோறீங்க?"

"பவளத் தொட்டிக்கு. பழைய வடிகட்டியில ஊறின பொருளைப் புதுசுல போட்டா நல்ல கிருமியெல்லாம் கூடவே வந்துடும். ஆறு வாரம் அரை நாளாயிடும்."

"வேற கல்லுன்னா சரி. இது விஷத்தைப் புடிச்சு வச்சிருக்கிற கல்லு. நாலு பையும் நிரம்பிக் கிடக்கு, வர்ற வெள்ளிக்கிழமைதான் உப்புல போடணும். உப்பு பட்டா எல்லாத்தையும் கக்கிடும் முசியே. கடல்தண்ணியும் உப்புத்தானே?"

"கடல்ல உப்பு இருக்குன்னு எனக்கே பாடம் எடுக்கிறியா? நான் கெமிஸ்ட்ரி படிச்சவன்."

"நான் அதைக் கழுவுறவ," என்றாள் அவள்.

அவர் நடந்துகொண்டே இருந்தார். அவள் தோட்டப்பாதை முடியும்வரை பின்னாலேயே போய்ச் சொன்னாள். க்ளெமான் கேட்டார், தோட்டக்காரர்கள் இருவர் கேட்டார்கள். மனிதர் காதில் மட்டும் ஏறவில்லை.

மதியம் க்ளெமான் முப்பது மீன்களை விட்டார். ஒவ்வொன்றும் கைவலையில், செதில் உதிராமல், மூச்சடக்கி முங்கிப் பிடித்தது. நீலம், மஞ்சள், வரிவரியாக. பவளங்களைப் பாறையில் பொருத்தினார். மாலைக்குள் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைப் பிளந்தன. மறுநாள் காலையில் முப்பதும் மிதந்தன. பவளங்கள் மேல்தோல் கழன்று வெள்ளை வெள்ளையாக நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டு க்ளெமான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பூங்காவனத்துக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. கடலில் தன்பாட்டுக்கு இருந்தவை. ஒரு மனிதரின் திமிருக்கு முப்பது உயிர்!

அத்தோடு போயிற்றா? அன்று காலையிலேயே மோட்டார் அறையில் ஒரு காலி ஜாவெல் புட்டி அகப்பட்டதாம். அகப்படாமல் என்ன? அந்த அறைத் தரையை வாராவாரம் ஜாவெல் போட்டுத்தானே துடைக்கிறாள்! புட்டி கிடைத்தது, பழி கிடைத்தது, தாள் பலகைக்கு ஏறியது. க்ளெமான் தான் கேட்டதைச் சொல்லப் போனபோது, மீனுக்கான வேலை முடிந்துவிட்டது, நீங்கள் போகலாம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

மறுநாள், வியாழக்கிழமை, அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். வரவேற்பில் வேலை செய்யும் நதின்தான் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்திருந்தாள். முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். 'நான் கற்களை ஜாவெலில் கழுவியதை ஒப்புக்கொள்கிறேன்.' கையெழுத்துப் போட்டால் சலவைக்கு மாற்றம். போடாவிட்டால் வேலை இல்லை. வெள்ளிக்கிழமை மதியம்வரை நேரம்.

நதின் வெளியே போனதும் வெங்கடசுப்பிரமணியன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் வெல்லமாகக் கரைந்தது. "இதோ பாரும்மா, நாமெல்லாம் தமிழ் ஆளுங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக்கொடுக்கலாமா? என் ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம். உனக்கு என்ன, சலவைக்குப் போகப்போறே, அவ்வளவுதானே? ஒரு கையெழுத்து."

மூன்று வருஷமாக இல்லாத தமிழ் உறவு அன்றைக்கு எங்கிருந்து முளைத்ததோ!

"முசியே, நான் சலவைக்குப் போவேன், கக்கூஸ் கழுவவும் போவேன், அது வேலை," என்றாள் பூங்காவனம், கிரியோலில். "மீனுக்கு ஜாவெல் ஊத்தினவன்னு பேர் வாங்கிக்கிட்டுப் போகமாட்டேன். குட்லண்ட்ஸ்ல என்னைப் பார்க்கிறவங்க பைத்தியக்காரின்னு சிரிப்பாங்க."

மாலையில் வீட்டில், பஸ் ஓட்டிக் களைத்து வந்த கணவன் நாகலிங்கம் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "போட்டுத் தொலையேன், யார் ஞாபகம் வச்சிருக்கப் போறாங்க?" என்றான். அவள் அவனுக்குச் சோறு போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஜான்-போல் முன்கூடத்தில் காலியான தொட்டியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தபோது, பூங்காவனம் ஒரு தட்டோடு போய் நின்றாள். தட்டில் இரண்டு ஜாம் குப்பிகள், குளத்துத் தண்ணீரைச் சோதிக்கும் சிறு சொட்டுமருந்துப் புட்டி, இரண்டு சோதனைக் குழாய்கள். பின்னால் க்ளெமான் கையில் ஒரு வாளிக் கடல்தண்ணீரும் தோளில் ஒரு கல்பையுமாக வந்தார். வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர், இந்த முறை யாரையும் கேட்காமல் நுழைந்தார்.

"முசியே ஜான்-போல், கையெழுத்துப் போட மதியம்வரைக்கும் நேரம் கொடுத்திருக்கீங்க. அதுல ஒரு மணி நேரம் நீங்க எனக்குக் கொடுங்க."

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். தலையசைத்தார். வெங்கடசுப்பிரமணியனும் இறங்கி வந்துவிட்டார்.

ஒரு குப்பியில் குழாய்த்தண்ணீர். இன்னொன்றில் கடல்தண்ணீர். முதலில் இரண்டிலிருந்தும் கொஞ்சம் குழாய்களில் எடுத்துச் சொட்டுமருந்து விட்டாள். விஷம் இல்லாத தண்ணீர் மஞ்சளாகவே இருக்கும், இருந்தால் பச்சையாகும். இரண்டும் மஞ்சள். "பார்த்துக்கங்க, அப்புறம் கடல்தண்ணியே கெட்டதுன்னு யாரும் சொல்லக் கூடாது," என்றாள், யாரையும் பார்க்காமல். பிறகு க்ளெமான் கொண்டுவந்த பையை, குளத்து வடிகட்டியில் மிச்சமிருந்த இரண்டில் ஒன்றை, ஜான்-போல் கையாலேயே அவிழ்க்கச் சொன்னாள். அதிலிருந்து குப்பிக்கு ஒரு கைப்பிடி வெள்ளைக்கல்லை அவரே அள்ளிப் போட்டார். ஜாவெல் இல்லை, சோப்பு இல்லை, அவள் கைகூடப் படவில்லை.

ஒரு மணி நேரம் அவள் அங்கேயே நின்றாள். சாவி வாங்க வந்த விருந்தாளிகள் சுற்றிப் போனார்கள். நதின் இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். மறுபடி சொட்டுமருந்து விட்டபோது குழாய்த்தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. கடல்தண்ணீர் இலைப்பச்சையாகத் திரண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரும்பச்சையானது.

"அதே கல்லு," என்றாள் பூங்காவனம். "இங்க வாயை மூடிக்கிட்டு இருக்கு, உப்பைக் கண்டதும் கக்குது. இதைத்தான் நான் தோட்டம் முழுக்கக் கத்திக்கிட்டே வந்தேன்."

"நானும் கேட்டேன்," என்றார் க்ளெமான்.

ஜான்-போல் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு வெங்கடசுப்பிரமணியனைப் பார்த்தார். கெமிஸ்ட்ரி படித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடிதத்தை ஜான்-போல் அங்கேயே கிழித்தார். தொட்டியை அலசிக் காயவைத்து, புத்தகத்தில் சொன்னபடி ஆறு வாரம் பொறுத்து மறுபடி தொடங்கட்டும், கரி வந்ததும் பூங்காவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். பாரிஸ்காரர்கள் கெண்டை மீன்களைப் பார்த்தால் போதுமாம். எல்லாம் முடிந்தது என்பதுபோல் கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பலகையில இருக்கிறது?" என்றாள் பூங்காவனம்.

"எடுக்கச் சொல்கிறேன்."

"எடுத்தா ஆச்சா? ரெண்டு நாளா நூத்திருபது பேர் சோத்துத் தட்டோட நின்னு படிச்சிருக்காங்க. நான் ஊத்தலைன்னு அதே இடத்துல எழுதிப் போடுங்க. அதுவரைக்கும் இந்தக் குப்பி ரெண்டும் இந்த மேசையிலதான் இருக்கும். விருந்தாளிங்க கேட்டா நானே விளக்கம் சொல்லிக்கிறேன்."

ஜான்-போலுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் விருந்தாளிகள் என்ற சொல் வேலை செய்தது. "நீங்கள்தானே எழுதினீர்கள், இதையும் நீங்களே எழுதிப் போட்டுவிடுங்கள்," என்று வெங்கடசுப்பிரமணியனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வெங்கடசுப்பிரமணியன் எழுதினார். எப்படி எழுதினார் என்று கேளுங்கள்! தட்டச்சு இல்லை, பிரெஞ்சு இல்லை. வெள்ளைத்தாளில், மணிமணியான கையெழுத்தில், தமிழில். "தாய்மொழியில எழுதினா அதுதான் பெரிய மரியாதை," என்று அவளிடமே சொன்னார், புன்னகையோடு. பழி எல்லோருக்கும் புரியும் பிரெஞ்சில். மறுப்பு ஒருவருக்கும் புரியாத தமிழில். ஓட்டலில் தமிழ்க் குடும்பத்து ஆட்கள் இருபது பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் எழுத்து தெரியாது என்பது மனிதரின் கணக்கு. சாமி பாட்டோடு நின்றுபோனவள்தானே இவள்!

பதினொன்றரை மணி. கூடத்தில் வரிசை நின்றது. பழைய தாள் போய்ப் புதுத்தாள் தொங்கியது. தட்டோடு வந்தவர்கள் ஓர் எழுத்தும் விளங்காமல், கோயில் விழா அறிவிப்பு என்று நினைத்துக் கடந்துபோனார்கள். கதவருகே வெங்கடசுப்பிரமணியன் காப்பிக் கோப்பையோடு நின்றார்.

பூங்காவனம் வரிசையை விட்டு விலகிப் பலகைக்கு முன்னால் போய் நின்றாள். வகுப்பில் கற்றபடி எழுத்தின்மேல் விரலை வைத்தாள். கோயிலில் பாடுகிற அதே உரத்த குரலில் கூட்டிக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.

"நம-து பவ-ளத் தொட்-டியில் நேர்ந்த இழப்-பிற்கு... திரு-மதி பூங்கா-வனம்..."

கரண்டிச் சத்தம் நின்றது. சில எழுத்துகளில் நின்றாள், திரும்பப் போனாள், பிரெஞ்சு வாடை அடிக்கும் உச்சரிப்பில் மறுபடி பிடித்தாள். யாரும் சிரிக்கவில்லை. வரி முடிந்ததும் திரும்பி நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி கிரியோலில் சொன்னாள்: "மீன் செத்ததுக்குப் பூங்காவனம் காரணமே இல்லைன்னு எழுதியிருக்கு."

சலவைப் பகுதி கண்ணம்மா தட்டும் கையுமாக வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "அப்ப காரணம் யாரு அக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

தாளின் அடியில், கையெழுத்தாக, இன்னும் ஒரே ஒரு பெயர்தான் மிச்சம் இருந்தது. பூங்காவனம் அதன்கீழ் விரலை வைத்தாள்.

"வெங்-கட..." என்று கொஞ்சம் தடுமாறினாள். "சுப்பிரமணியன்" என்பதில் அவளுக்கு ஓர் எழுத்தும் தடுக்கவில்லை. வருஷா வருஷம் காவடிக்கு முன்னால் நின்று தொண்டை கிழியப் பாடுகிற பெயர் அது.